சந்தையில் வாங்கிய குப்பை

எங்கள் தெருவுக்கு இப்போது காலையில் பேட்டரி வண்டி வருகிறது. முதலில் பாட்டு வரும், பின்னால் வண்டி வரும். பாட்டு தெருமுனையில் திரும்பும்போதே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். பரீட்சைக்குப் பயந்துதான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இந்த வயதில் பரீட்சை வண்டியேறி வாசலுக்கே வருகிறது. பச்சை வாளியில் மக்குவது, நீல வாளியில் மக்காதது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. டீத்தூள் மக்கும், சரி. ஆனால் என் மகள் வாங்கி வைத்திருக்கும் டீத்தூள் சின்னப் பைகளில் அடைத்து வருகிறது. பை காகிதமா நைலானா தெரியவில்லை. அதில் ஒரு நூல், நூல் நுனியில் ஒரு அட்டை, இரண்டையும் சேர்த்துக் குத்திய ஒரு குட்டிப் பின். நேற்று அந்தப் பையைப் பிரித்துத் தூளைப் பச்சையில் கொட்டி, நூலை நீலத்தில் போட்டுவிட்டு, பின்னை விரலில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

வண்டியோடு வரும் பெண் சிரித்துவிட்டாள். "இன்னா அண்ணாத்த, ஆப்பரேசனா பண்ணிகினு கீற? அப்டியே போடு, நான் பாத்துக்கிறேன்."

"ஃபைன் போட்டுட்டா?"

"உனுக்கு யாரு போடப்போறாங்க? மொனைல கல்யாண மண்டபத்துக்காரன் எலையையும் பாட்டிலையும் ஒண்ணா மூட்ட கட்டி வச்சிகீறான். அவனையே ஒருத்தரும் கேக்கல."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "சீக்கிரம் வாங்கிக்கம்மா. பயத்துல அந்தாளு பின்ன முழுங்கிடப் போறாரு."

அந்தப் பெண் பச்சை வாளியின் மூடியைத் திறந்தாள். முந்தின நாள் வடித்த கஞ்சி, வாழைப்பழத் தோல், கொஞ்சம் புளித்த பூசணிக் குடல். பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். நான் பொத்தவில்லை. எனக்கு எஸ்தர் அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது. இந்த வாசனைக்கு உன் ஞாபகம் வந்தது என்று அவளிடமே சொன்னால் செருப்பு பறக்கும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலைப் பார்த்தது ஓட்டலின் முன்பக்கம். நான் இருந்தது பின்பக்கம். அது எஸ்தர் அக்காவின் எருமைக் கொட்டகையைப் பார்த்தது. காய்கறியை வாங்கி வைத்து சமையல் மாஸ்டருக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. சம்பளமில்லாமல் செய்த உபரி வேலை, கவலைப்படுவது. கேஸ் மூடினோமா, உருளைக்கிழங்கு முளைவிட்டதா, கடல் நேற்றைவிட இன்று கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறதா. கடலைப் பற்றி நான் கவலைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மாஸ்டர் சொல்வார். ஆனாலும் யாராவது ஒருவர் பட வேண்டாமா?

முதலாளி வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீரே உரம் என்று பாய்ச்சுகிற ஊர். வானத்திலிருந்து விழும் எச்சத்தையும் வீணாக்காத வம்சத்தில் பிறந்தவர் ஓட்டல் நடத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கறிவேப்பிலைக் காம்பை எடுத்து உதறுவார். ஒரு இலை விழுந்தால் இலையைப் பார்ப்பார், பிறகு மாஸ்டரைப் பார்ப்பார். அன்று முழுக்க மாஸ்டர் ஒவ்வொரு காம்பையும் இரண்டு தடவை உருவிப் பார்ப்பார்.

இதைப் படித்துவிட்டு அந்தக் கால மனிதர்கள் உத்தமர்கள் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த ஓட்டலில் குப்பை இல்லை, உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் பூமியின் மேல் உள்ள அக்கறை இல்லை, சுத்தமான பேராசை. தேங்காய்ச் சிரட்டை யாருக்கு என்று மாஸ்டருக்கும் இஸ்திரி வண்டிக்காரருக்கும் தீராத வழக்கு. பழைய பேப்பர் கடற்கரையில் கடலை விற்கும் அம்மாவுக்கு; அதை வரவேற்பறைப் பையன் ஒளித்து வைத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான் என்று அந்த அம்மா வெள்ளைக்காரர்கள் முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். எண்ணெய் டின்னுக்கு ஆள் இருந்தது. பிழிந்த எலுமிச்சைத் தோலை அண்டா தேய்க்கும் பெண்கள் பிடுங்கிக்கொள்வார்கள். மீன் தலை எங்களுக்கு. எங்களுக்குள் யாருக்கு என்பதில் ஒரு தடவை கரண்டியால் அடிபட்டு என் புருவத்தில் தழும்பே இருக்கிறது. மீதி எல்லாம் எஸ்தர் அக்காவின் டிரம்முக்கு.

எஸ்தர் அக்காவின் அப்பா அம்மா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள், அடுத்தவர் மாட்டை மேய்த்தவர்கள். இவள் கட்டட வேலைக்குப் போய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு எருமைக் கன்று வாங்கினாள். அது வளர்ந்து ஒரு கன்று போட்டது. பெரியவ, சின்னவ என்றுதான் இரண்டையும் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதுகூட, "சொந்தமா ரெண்டு உருப்படி கீது எனுக்கு" என்று சொல்லிக்கொண்டேதான் போவாள். அவளுக்கு எல்லோரும் நீதான். முதலாளியும் நீ, கலெக்டர் வந்தாலும் நீ.

ஏற்பாடு இதுதான்: ஓட்டலின் கழனித்தண்ணி, காய்த்தோல், மீந்த சோறு எல்லாம் அவள் எருமைகளுக்கு, பதிலுக்கு ஓட்டல் டீக்குப் பாலை அவள் விலை குறைத்துக் கொடுக்க வேண்டும். காலையில் பின்கேட்டில் பால் உள்ளே வரும், டிரம் வெளியே போகும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நான் நின்றுகொண்டு, இன்று யார் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று கவலைப்படுவேன்.

முதலாளி பால் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பார். "ஏம்மா எஸ்தர், பால்ல கடல் தெரியுதே."

அவள் டிரம்முக்குள் கையை விட்டுக் கலக்குவாள். "உன் கயனித்தண்ணில ஆகாசமே தெரியுது மொதலாளி. எரும இன்னா துன்னுதோ அத்ததான் குடுக்கும். கொஞ்சம் சோத்த வுடு, நான் கொஞ்சம் பால வுடுறேன்."

பாலில் தண்ணீர் கலந்தாளா? கலந்தாள். கழனியில் சோறு விழாமல் முதலாளி வடிகட்ட வைத்தாரா? வைத்தார். இப்படி இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு, ஒரு பருக்கையும் ஒரு சொட்டும் வீணாகாமல் ஓட்டல் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அந்தப் பாலில் போட்ட டீயில் தண்ணீர் போக மிச்சமிருந்த கொழுப்புக்கே உதட்டில் ஆடை ஒட்டும்.

அப்போதுதான் முதலாளியின் மாப்பிள்ளை நிர்வாகத்துக்கு வந்தார். நல்ல மனிதர். எல்லோரையும் 'சார்' போட்டுக் கூப்பிடுவார், என்னையும் கூப்பிட்டார். அன்று முழுக்க வேலையைவிட்டு எடுக்கப் போகிறாரோ என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெளிநாட்டுச் சுற்றுலாக் கம்பெனிகள் எல்லாம் இப்போது பசுமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். குப்பையைக் குறைக்கிற ஓட்டலில்தான் ஆளைத் தங்க வைப்பார்களாம். அதனால் பின்பக்கம் சிமெண்டில் ஒரு உரக்குழி கட்டினார். உள்ளே வெள்ளை, வெளியே பச்சை. மேலே ஒரு போர்டு: 'மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே.'

எஸ்தர் அக்கா என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "எங்க கல்லறத் தோட்டத்துல இத்ததான்டா எய்திகீறாங்க" என்றாள். எனக்கு அன்றே சகுனம் சரியாகப் படவில்லை.

சோதனைக்கு ஒரு மேடம் வரப்போவதாகத் தேதி வந்தது. மாப்பிள்ளை சான்றிதழ்ப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார்.

"நம்ம கிச்சன்ல தினமும் எவ்வளவு ஃபுட் வேஸ்ட் சார்?"

"இல்லீங்க."

"இல்லன்னா?"

"எல்லாம் போயிடுதுங்க."

"எங்க போகுது?"

"சண்ட போட்டு எடுத்துட்டுப் போயிடுறாங்க."

அவர் பேனாவை மூடினார். "சார், கொறச்சதுக்குத்தான் மார்க். முன்னாடி எவ்வளவு இருந்துச்சு, இப்ப எவ்வளவு கொறஞ்சிருக்கு, அதத்தான் கேட்டிருக்காங்க. முன்னாடியும் இல்ல, இப்பவும் இல்லன்னா, எதக் கொறச்சோம்னு எழுதுறது?"

அவர் கேட்டதிலும் ஞாயம் இருந்தது. ஓட்டலின் குப்பையை எல்லாம் நான்தான் திருடி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். முன்பு குப்பை மலையாகக் கிடந்து, இப்போது மனம் திருந்தியவனுக்குச் சான்றிதழ் உண்டு. முதலிலிருந்தே கஞ்சனாக இருந்தவனுக்குக் கிடையாது.

உத்தரவு வந்தது. மேடம் வந்து போகிறவரை பின்கேட்டைத் தாண்டி ஒன்றும் வெளியே போகக் கூடாது. எல்லாம் குழிக்கு. எஸ்தர் அக்காவிடம் சொல்ல வேண்டியவன், கேட்டில் நிற்கும் நான்.

சின்னவளுக்கு அது நிறைமாதம். முன்புபோல மேயவும் வழியில்லை. கடற்கரையோரப் புறம்போக்கெல்லாம் ஒவ்வொன்றாக மதில் சுவராகி, சுவருக்குள் புல்தரையாகி, அந்தப் புல்லுக்கும் வாட்ச்மேன் போட்டாயிற்று. ஓட்டல் டிரம்தான் இரண்டுக்கும் பாதிச் சாப்பாடு. இது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தூணுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு சொன்னேன்.

"யக்கா, கொஞ்ச நாளைக்குக் கழனி கெடையாதாம்."

"இன்னாது?"

"குழிக்குப் போடணுமாம்."

"குயிக்கா? குயி இன்னா, பாலு குடுக்குமா?"

"எங்கிட்ட ஏங்கா கத்துற..."

"வேற யாராண்ட கத்துறது? நீதான நிக்கிற. நெறமாசக்காரி அவ. வவுத்துல புள்ளய வச்சிகினு அவ காயணும், உங்க குயி குந்திகினு நாஸ்தா துன்னணுமா? போயி உன் மொதலாளிய கூப்புடு."

முதலாளி வந்தார். அவருக்கும் முகம் சரியில்லை. தின்கிற பொருளைக் குழியில் கொட்டுவது அவர் ரத்தத்தில் இல்லாத காரியம். ஆனால் மாப்பிள்ளை பேச்சு. மகள் கொடுத்த வீட்டில் யாரால் வாய் திறக்க முடியும்? "கொஞ்ச நாள்தாம்மா" என்றார், கடலைப் பார்த்துக்கொண்டே. அவள் காலி டிரம்மை மூன்று சக்கர வண்டியில் தூக்கி எறிந்த சத்தத்தில் காக்கைகள் எழுந்தன. அன்றைக்குப் பால் வந்தது. அதற்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இதில் கேவலம் என்னவென்றால், அதற்கப்புறமும் குழி நிரம்பவில்லை. எங்கள் சமையல்கட்டின் மொத்தக் கழிவையும் கொட்டிப் பார்த்தால், பெரிய கல்யாண மண்டபத்தில் முன்கூட்டியே வந்துவிட்ட உறவுக்காரர் மாதிரி ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு கிடந்தது. தோலைத் தடிமனாகச் சீவச் சொல்லி மாஸ்டருக்கு உத்தரவு. அவர் சீவினார். கை கேட்கவில்லை, அந்தத் தடித்த உருளைத் தோலைத் தனியாக வறுத்து, மிளகாய்ப்பொடி தூவி எங்களுக்குச் சாப்பாட்டுக்கு வைத்துவிட்டார். நாங்களும் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டோம். மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார்.

கடைசியில் என்னைச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார், லோடு ஆட்டோவோடு. மார்க்கெட்டில் போய்க் குப்பை வாங்கி வரச் சொல்லி.

வழியெல்லாம் ஒரே கவலை. நல்ல தக்காளி வாங்கத் தெரியும். கெட்டதை எப்படிப் பார்த்து வாங்குவது? கெட்டதிலும் நல்ல கெட்டது, மட்டமான கெட்டது என்று இருக்குமோ? வழக்கமாக வாங்கும் கடைக்காரனிடம் காதோடு காதாகச் சொன்னேன். அவன் காதோடு வைத்துக்கொள்ளவில்லை.

"இன்னா மச்சான், அயுகுன தக்காளியா? உனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படிக் கத்தினான். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தான். வியாபாரிக்கு ஒரு நொடி போதும். கொட்டுவதற்காக ஓரத்தில் தள்ளி வைத்திருந்த மூட்டைகளின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இது எங்க சரக்குதான். இன்னிக்கு இதுக்கு ரொம்ப டிமாண்டு" என்றான். அழுகல் முட்டைக்கோசுக்கு நான் பேரம் பேசினேன். "இது அவ்வளவா அழுகலையே" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவன் மூட்டையைத் திறந்து மோந்து பார்க்கச் சொன்னான். மோந்து பார்த்தேன்.

மூட்டைகள் இறங்கியபோது முதலாளி பின்படியில் உட்கார்ந்துவிட்டார். "காசு குடுத்தா வாங்கின?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து, மூட்டைக்குள் கையை விட்டு, இன்னும் பிழைக்கிற தக்காளிகளைப் பொறுக்கி எடுத்து மாஸ்டரிடம் கொடுத்தார். அன்று மத்தியானம் ரசம் பிரமாதம் என்று ஒரு வெளிநாட்டுத் தம்பதி சொல்லி அனுப்பினார்கள்.

மேடம் வந்தார். கைத்தறிப் புடவை, கையில் சொந்தமாக ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். குறை சொல்ல முடியாத அம்மா. குழி ததும்பிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். என்னை ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்போது பின்கேட்டு திறக்கும் சத்தம். பெரியவள் முன்னால், வயிற்றைத் தள்ளிக்கொண்டு சின்னவள் பின்னால். இரண்டும் நேராக வந்து குழிக்குள் தலையைவிட்டுத் தின்ன ஆரம்பித்தன. முட்டைக்கோசு கடிபடும் சத்தம் அத்தனை ஆங்கிலத்துக்கு நடுவிலும் கேட்டது.

பின்னாலேயே எஸ்தர் அக்கா. "அய்யய்யோ, அவுத்துகினு வந்துட்ச்சுங்க ரெண்டும்" என்றாள். அவள் கையில் கயிறு அழகாகச் சுருட்டி இருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேலை போயிற்று, ஓட்டல் போயிற்று, ஒருவேளை ஜெயில். திறந்தபோது மேடம் கைதட்டிக்கொண்டிருந்தார். "வாட் எ பியூட்டிஃபுல் சைக்கிள்!" மாப்பிள்ளை கெட்டிக்காரர், ஒரு நொடி தயங்கவில்லை. "ஆமா மேடம். எங்க எருமைகள்தான். பால் நம்ம கிச்சனுக்கே வருது" என்றார். எஸ்தர் அக்கா வாயைத் திறந்தாள். முதலாளி அவளைப் பார்த்த பார்வையில், அவரை நான் பார்த்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கெஞ்சல் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். எருமைகள் தின்கின்றன, அது போதும் என்று நினைத்திருப்பாள். மேடம் போட்டோ எடுத்தார்.

சான்றிதழ் வந்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. உணவுக் கழிவு வளாகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. சமையல்கட்டுப் பக்கம் கால்நடை வரக் கூடாது. கொஞ்ச நாள் என்றது எந்நாளும் ஆயிற்று. பின்கேட்டு இருந்த இடத்தில் சுவர் எழுந்தது. எஸ்தர் அக்கா ஒரு தடவை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டாள். கடன் வாங்கி வைக்கோல் போடுவதாகவும், சின்னவள் கன்று போட்டுவிட்டதாகவும், ஆனால் மடி சுரக்கவில்லை என்றும் சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்படியாக்கா" என்றேன். சின்னவளுக்குத் தீனி போடுவதற்காகப் பெரியவளை விற்றாள். பிறகு தீனி வாங்கிய கடனுக்காகச் சின்னவளையும் கன்றையும் விற்றாள்.

மேடம் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். விருந்தாளிகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. இந்த எருமைகளைப் பார்க்கலாமா, குழந்தைகள் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை என்னை எஸ்தர் அக்கா வீட்டுக்கு அனுப்பினார். சனி, ஞாயிறு மட்டும் எருமையைக் கொண்டுவந்து முன்பக்கப் புல்தரையில் கட்டினால் மரியாதையாக ஏதாவது கொடுப்பாராம்.

அவள் வெறும் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிறவரை கேட்டாள். "போட்டோ மாட்டிகீறீங்களே, அதுக்குப் புல்லு போடுங்க. கறக்கும்" என்றாள்.

டீக்குப் பாக்கெட் பால் வந்தது. பாலோடு கவர் வந்தது. கவருக்கு ஒரு தொட்டி, தொட்டிக்கு ஒரு கருப்புப் பை, பைக்கு ஒரு லாரி. குழியைக் கிளற ஆளில்லாமல் அது நாற ஆரம்பித்ததும் அதன்மேல் செயற்கைப் புல் விரித்து, பூந்தொட்டி வைத்து, அதையும் லாரிக்காரரிடமே கொடுத்துவிட்டார்கள். லாரி எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் திருக்கழுக்குன்றத்து மலைக்குக் கழுகு வருவது நின்று காலமாகிறது. ஆனால் சாலையோரம் எழும்பியிருக்கும் அந்தப் புதுக் குன்றுக்குப் பருந்துகள் தவறாமல் வருகின்றன. கோயில் கட்டாததுதான் பாக்கி. இஸ்திரிக்காரர் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டார், சிரட்டையைக் கேட்க ஆளில்லை. பேப்பர் வாங்குவதையே ஓட்டலில் நிறுத்திவிட்டார்கள். கடலை விற்ற அம்மா என்ன ஆனாளோ தெரியாது. சான்றிதழ் மட்டும் வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுகிறது. குறைப்பதற்கு இப்போது நிறைய இருக்கிறதல்லவா, மார்க்கும் நிறையக் கிடைக்கிறதாம்.

போன வாரம் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் எஸ்தர் அக்காவைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் தட்டு கழுவுகிறாளாம். கான்ட்ராக்ட் வேலை, கம்பெனி வண்டியே ஏற்றி இறக்குகிறதாம். நீல யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை. எனக்கு இன்னும் அவளைக் கண்டால் தூண் தேடுகிறது.

"இன்னாடா, இன்னும் அதே பயந்த மூஞ்சிதானா?" என்றாள். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். முதலாளி செத்துப்போன விஷயத்தைச் சொன்னேன். "கஸ்மாலம், சோத்த வடிகட்டியே செத்தான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அவளே சொன்னாள். "நேத்து ஒரு டிரம் நெறய சாம்பார் சோறுடா. கை படாத சோறு. எவனோ பெரிய ஆபீசரு வர்றான்னு கூட வடிச்சிட்டாங்க, அவன் வரல. கொட்டச் சொன்னாங்க. நானு டிரம்மாண்டயே நின்னேன், யாரும் வந்து கேப்பாங்களா, கேட்டா ரெண்டு திட்டு திட்டிட்டுக் குடுக்கலாமேன்னு."

"யாரும் வரலியா?"

"யாரு கீறா, வர்றதுக்கு?" என்றாள். "கொட்டிட்டுத் தண்ணி ஊத்திக் கயுவிட்டேன்."

கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடித்தது. அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டு ஏறிப்போனாள்.